தேனீ அச்சம் நீங்கிய முதல் பாலர் பள்ளி

உலகத்திலேயே பயத்தைத் தீர்மானம் போட்டு ஒழித்த முதல் பாலர் பள்ளி மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, பிராட்வுட் தோட்டத்தில் இருக்கிறது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்கென்று எங்களிடம் தனியாக ஒரு பேனர் உண்டு. பள்ளிச் செயற்குழுவின் செயலாளர் என்ற முறையில் நடந்ததை நடந்தபடி பதிவு செய்கிறேன், அவ்வளவுதான்.

என் பெயர் தேவன். ஏழு வயதில் அம்மாவோடு ரப்பர் பால்வாளி தூக்கினேன். பிறகு முப்பத்தொரு வருடம் உர லோரி ஓட்டினேன், மூட்டையும் நானே இறக்கினேன். கையெழுத்து மட்டும் எப்படியோ அழகாக அமைந்துவிட்டது. அதனால் தோட்டத்தில் எந்தச் சங்கம் முளைத்தாலும் என்னைத்தான் செயலாளர் ஆக்குவார்கள். செயலாளர் வேலை மூட்டை வேலையைவிட எவ்வளவோ மேல். மூட்டையைக் கீழே போட்டால் சத்தம் கேட்கும். கூட்டக் குறிப்பில் எதைக் கீழே போட்டாலும் யாருக்கும் கேட்காது.

எங்கள் பள்ளியில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். ஓர் ஆசிரியை, அம்பிகை. கண்ணாடிச் சன்னலும் ஏர்கோனும் பொருத்திய கணினி அறை ஒன்று. கணினி இன்னும் வரவில்லை. செயற்குழுவில் பதினொரு பேர், அதாவது இரண்டு பிள்ளைக்கு ஓர் உறுப்பினர். அம்பிகைக்கு உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று மூன்று வருடமாகக் கேட்கிறார். அதையும் பதிவு செய்திருக்கிறோம்.

மார்ச் மாதம் பிரச்சினை வந்தது. பள்ளிக் கூரையின் விளிம்புக்குக் கீழே, கழிப்பறைக்குப் போகிற நடைபாதைக்கு நேர் மேலே, மலைத்தேனீ கூடு கட்டியது. இரண்டே வாரத்தில் முறம் அளவு தொங்கியது. அதற்கப்புறம் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகவில்லை. அடக்கிக்கொண்டார்கள். அடக்க முடியாதவர்கள் வகுப்பிலேயே நனைத்தார்கள். அம்பிகை ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகளைப் பின்பக்கமாகச் செம்பனை மரத்தடிக்கு அழைத்துப் போனார். பிள்ளைகள் போய்விட்டு நிம்மதியாக வந்தார்கள். செய்தி தலைவருக்கு எட்டியது. ஒரு கல்வி நிலையம் செம்பனைக்கு உரம் போடுவதா என்று அவர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

தலைவர் இளையதம்பி அவர்கள் தோட்டத்துக்காரர் அல்லர். அவருடைய பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிராணியாக, கணக்கெழுதும் வேலைக்கு வந்தவர். இவர் அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்று, ஈப்போவில் வசிக்கிறார். எங்களுக்குத் தலைவர் கிடைக்காததால் அவர் வந்தார். அவருக்குக் கூட்டம் கிடைக்காததால் வந்தார் என்று நான் சொல்லமாட்டேன்.

கூட்டத்தில் அம்பிகை எழுந்து, போம்பாவுக்கு ஒரு போன் போட்டால் தீயணைப்புக்காரர்கள் வந்து அரை மணி நேரத்தில் கூட்டை எடுத்துவிடுவார்கள், காசுகூட வேண்டாம் என்றார். எளிமையான யோசனை. எளிமையான யோசனைகளைக் கண்டால் எங்கள் குழு எச்சரிக்கையாகிவிடும்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர், கூட்டை எடுப்பது குறுகிய காலத் தீர்வு. இன்றைக்கு இந்தத் தேனீயை எடுப்பீர்கள். நாளைக்கு இந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போகும். அங்கே ஒரு தேனீ வந்தால் யார் எடுப்பது?"

எங்களில் பல்கலைக்கழகம் போனவர்கள் இல்லாததால், அங்கே தேனீ உண்டா என்று எங்களுக்குத் தெரியவில்லை. "பிரச்சினை கூட்டில் இல்லை, குழந்தைகளின் மனத்தில் இருக்கிறது" என்று தலைவர் முடித்தார். கைதட்டினோம். மனத்தில் இருப்பதை எடுக்க ஈப்போவிலிருந்து தன்னம்பிக்கை ஊட்டும் தன்முனைப்புப் பேச்சாளர் ஒருவரை அழைப்பதென்று முடிவாயிற்று. போம்பா யோசனை "குறித்துக்கொள்ளப்பட்டது." குறித்துக்கொண்டவன் நான்தான்.

பேச்சாளர் தனேஸ்வரன் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். இந்த வெயிலில் கோட்டு போடுகிறவரால் எதையும் நம்பவைக்க முடியும். இதற்கு முன்னால் ஆயர் தாவாரில் தேர்வுப் பயத்தையும், லகாட்டில் கணக்குப் பயத்தையும் நீக்கியவர். தேனீப் பயம் அவருக்குப் புதிது. ஆனாலும் எல்லாப் பயத்துக்கும் ஒரே பவர்பாயிண்ட்தான் என்றும், நடுவில் படத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றும் அவரே திறந்த மனத்தோடு சொன்னார்.

அவருடைய முறை மூன்றே சொல்லில் அடங்கியது: நில், சிரி, வணங்கு. தேனீ வந்தால் ஓடக்கூடாது. சிலை மாதிரி நிற்க வேண்டும். பல் தெரியச் சிரிக்க வேண்டும். கை கூப்பி, "வணக்கம் தேனீ அண்ணே" என்று சொல்ல வேண்டும். மரியாதை கொடுத்தால் எந்த உயிரும் மரியாதை கொடுக்கும் என்றார்.

இந்த இடத்தில் அம்பிகை, கொட்டுகிற தேனீ எல்லாம் பெண் தேனீ என்று ஒரு தகவலைச் சொல்லிவிட்டார். குழு கலங்கிப்போயிற்று. அப்படியென்றால் "தேனீ அக்கா" என்றல்லவா அழைக்க வேண்டும்? பெண்களை அண்ணே என்றால் மகளிர் அணி சும்மா இருக்குமா? நாற்பது நிமிட விவாதத்துக்குப் பிறகு "தேனீ அக்கா" என்று ஒருமனதாக முடிவெடுத்தோம். அந்த நாற்பது நிமிடத்தில் மூன்று பிள்ளைகள் நனைத்துவிட்டார்கள்.

முகாம் தொடங்கியது. பிள்ளைகளுக்கு மஞ்சளும் கறுப்பும் போட்ட டீசட்டை கொடுத்தோம். தேன் நக்கவைத்தோம். பாட்டு சொல்லிக்கொடுத்தோம். வாரா வாரம் பயத்தை "அறிவியல் முறையில்" அளந்தோம். சுவரில் மூன்று முகம் ஒட்டியிருக்கும்: பச்சை முகம் சிரிக்கும், மஞ்சள் முகம் யோசிக்கும், சிவப்பு முகம் அழும். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர்ச்சீட்டைத் தனக்குப் பொருத்தமான முகத்துக்குக் கீழே ஒட்ட வேண்டும். பச்சையில் ஒட்டினால் மிட்டாய். முதல் வாரம் பச்சையில் நான்கு பேர். மிட்டாய்ச் செய்தி பரவியபின் பதினேழு பேர். மூன்றாம் வாரம் இருபத்தொரு பேர். பயம் இவ்வளவு வேகமாகக் கரைவதைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார் தனேஸ்வரன். கழிப்பறைக்கு மட்டும் இன்னும் ஒருவரும் போகவில்லை. அது இரண்டாம் கட்டத்தில் வரும் என்றார்.

சிவப்பில் ஒரே ஒரு சீட்டு நின்றது. ஷர்மினி. வயது ஐந்து.

தனேஸ்வரன் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, ஏன் சிவப்பு என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தேன்.

"கொட்டும்."

"கொட்டாதுன்னு நெனச்சுக்கணும்மா. மைண்ட்செட்."

"நெனச்சா கொட்டாதா?"

"சத்தியமா கொட்டாது."

"அப்ப நீங்க போயி கூட்டுக்குக் கீழ நில்லுங்க அங்கிள். நான் இங்கருந்து பாக்குறேன்."

தனேஸ்வரனுக்கு அந்த நேரம் பார்த்து போன் வந்தது. எனக்கு மணி சத்தம் கேட்கவில்லை. ஷர்மினி "எதிர்மறைச் சிந்தனை உள்ளவர்" என்று அறிக்கையில் எழுதச் சொல்லிவிட்டுப் போனார். எழுதினேன்.

ஷர்மினியின் எதிர்மறைச் சிந்தனைக்கு ஒரு வரலாறு உண்டு. போன வருடம் லகாட்டில் சித்தப்பா வீட்டில் ஒரே ஒரு தேனீ அவளைக் கொட்டியது. பத்து நிமிடத்தில் முகம் வீங்கிக் கண் மூடிப்போய், மூச்சு இழுத்து, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இன்னொரு முறை கொட்டினால் ஆபத்து, தேனீ இருக்கிற பக்கமே விடாதீர்கள் என்று டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார். அவளுடைய அம்மா துளசி, ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் வேலை செய்கிறவள், அந்தக் கடிதத்தை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு ஜூன் மாதக் கூட்டத்துக்கு வந்தாள். கையுறை மாவு நகத்தோரம் ஒட்டியிருந்தது.

கடிதம் கை மாறி மாறி மேசையைச் சுற்றி வந்தது. தலைவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல கடிதம்தான், ஆனால் குழுவின் ஆவணங்கள் தமிழில் இருக்க வேண்டும் என்பது விதி என்றார். மொழிபெயர்க்கத் துணைக்குழு அமைக்கப்பட்டது. தனேஸ்வரன், தாயின் பயம்தான் பிள்ளைக்கு இறங்குகிறது, தாய்மார்களுக்கும் ஒரு முகாம் நடத்தலாம் என்றார்.

துளசி அவரைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"தேவண்ணே, பயம் போயிருச்சுன்னா மூஞ்சி வீங்காதா?"

தலைவர், அம்மாவின் கேள்வி பொருளிலிருந்து விலகியது என்று தீர்ப்பளித்தார். அவள் வெளியே போகும்போது நான் கூடவே போனேன். பயம் போய்விட்டதென்று அறிவிக்க ஒரு விழா வருகிறதாம், பிள்ளைகளை எல்லாம் கூட்டுக்குக் கீழே நிறுத்துவார்களாம், அவளுக்குப் பயமாக இருக்கிறதாம். ஷர்மினியை அன்றைக்குப் பள்ளிக்கே அனுப்பாமல் இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறாள். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து வந்து அவள் தூங்குகிற நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. நான் சொன்னேன்: "ஷர்மினிய நான் கிளாஸ் உள்ளயே உக்கார வச்சிர்றேன், தங்கச்சி. வெளிய விடமாட்டேன். நான் பாத்துக்கிறேன், நீ போய்த் தூங்கு லா." அவள் நம்பினாள். என் அம்மாவும் அவளுடைய ஆத்தாவும் ஒரே நிரையில் பால் வெட்டியவர்கள். நம்பாமல் என்ன செய்வாள்?

ஜூலை மாதம் விழா வந்தது. "தேனீ அச்சம் நீங்கிய முதல் பாலர் பள்ளி" என்ற பட்டத்தை அறிவிக்க அரச விருது வாங்கிய ஒரு டத்தோ இசைந்திருந்தார். எந்த டத்தோ என்பது முக்கியமில்லை. நாங்கள் கேட்டதே "ஏதாவது ஒரு டத்தோ" என்றுதான். வரவேற்பை எங்கே வைப்பது என்று யோசித்தோம். கட்டடத்தில் நிழல் விழுகிற பக்கம் ஒன்றே ஒன்று: கழிப்பறை நடைபாதை. டத்தோ வெயிலில் நிற்கக்கூடாது. மேலும், கூட்டுக்குக் கீழே பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் பத்திரிகையில் வந்தால் அந்தப் படமே ஆயிரம் பேச்சுக்குச் சமம் என்றார் தனேஸ்வரன். அவர் அறுநூறு பேச்சுவரை பேசியிருந்தார்.

நிகழ்ச்சி நிரல் நல்ல பளபளப்புத் தாளில் அச்சாகி வந்தது. ஒன்பது மணிக்கு டத்தோ வருகை. உருமி மேளம். மாலை. பன்னீர். ஆரத்தி. சாம்பிராணி. குத்துவிளக்கு. பொன்னாடை. எங்கள் ஊரில் ஒரு குடை திறந்தால்கூட இத்தனையும் வேண்டும்.

இங்கே ஒரு சிறு தகவலைப் பதிவு செய்கிறேன். கூட்டுக்குக் கீழே பட்டப்பகலில் புகை போட்டால் என்ன ஆகும் என்று தலைவருக்குத் தெரியாது. அவர் ஈப்போக்காரர். தனேஸ்வரனுக்கும் தெரியாது. ஆனால் குழுவில் பதினொரு பேரில் எட்டுப் பேர் பால்மரக் காட்டில் வளர்ந்தவர்கள். என்னையும் சேர்த்துத்தான். எங்கள் சின்ன வயதில் காட்டில் வேலை செய்தவர்கள் சுருட்டுப் பற்றவைத்தால்கூட முதலில் மேலே கிளையைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எங்களுக்கும் இருந்தது. நிகழ்ச்சி நிரலைப் படித்தபோது எட்டுப் பேரும் ஒருமுறை கூரையைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஆனால் நிரல் அச்சாகிவிட்டது. அச்சான பிறகு அதை மாற்றச் சொன்னால், அச்சாவதற்கு முன்னால் ஏன் சொல்லவில்லை என்று தலைவர் கேட்பார். யாருக்கு வேண்டும் அந்த வம்பு?

விழா நாளன்று காலையில் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். ஷர்மினியை வகுப்புக்குள் உட்காரவைத்து, ஒரு வண்ணப் பென்சில் டப்பாவையும் கொடுத்தேன். அவள் வீடு வரைந்துகொண்டிருந்தாள். ஒன்பது மணி ஆயிற்று. பத்து ஆயிற்று. டத்தோ வரவில்லை. இருபத்தொரு பிள்ளைகள் கையில் பூத்தட்டோடு கூட்டுக்குக் கீழே வரிசையாக நின்றார்கள். சிறுநீர் வருகிறது என்று சொன்ன பிள்ளைகளிடம் டத்தோ வந்ததும் போகலாம் என்றோம். பதினொன்றே காலுக்கு, டத்தோவின் உதவியாளர் முன்னால் வந்து ஏற்பாடுகளைப் பார்வையிட்டார். பிள்ளைகளை எண்ணினார்.

"இருபத்தொன்னுதான் இருக்கு. டத்தோ உரையில இருபத்திரண்டு, நூறு விழுக்காடுன்னு இருக்கே?"

தலைவர் என்னைப் பார்த்தார். அரசாங்கத்தில் இருந்தவர், எதையும் வாயால் சொல்லமாட்டார். நான் வகுப்புக்குள் போனேன். ஷர்மினி வீட்டுக்குக் கதவு வரைந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம்தான், டத்தோ வந்ததும் திரும்பிவிடலாம் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மா சொல்லுச்சு, நீங்க இருக்கீங்கன்னு" என்றாள். ஆமாம், நான்தான் இருக்கிறேன் என்று கையைப் பிடித்து அழைத்துப் போய், வரிசையின் கடைசியில் நிறுத்தினேன். அவள் கை என் விரலை விடவில்லை. நான்தான் பிரித்தெடுத்தேன். எனக்குப் பொன்னாடைத் தட்டைத் தூக்கும் பொறுப்பு இருந்தது.

டத்தோ வந்தார். உருமி முழங்கியது. மல்லிகை மாலை விழுந்தது. பன்னீர் தெளித்தார்கள். பூசாரி சாம்பிராணித் தட்டில் இரண்டு கைப்பிடி அள்ளிப்போட்டு, அட்டையால் விசிறினார். வெள்ளைப் புகை எழுந்து, அவசரமே இல்லாமல் கூரை விளிம்பு வரை போயிற்று. எட்டுப் பேரும் மேலே பார்த்தோம்.

கூடு ஒருமுறை சிலிர்த்தது. பிறகு அவிழ்ந்தது.

இனி நடந்தது முழுக்கப் பயிற்சியின் வெற்றி. இருபத்தொரு பிள்ளைகள் அசையவில்லை. நின்றார்கள். சிரித்தார்கள். கை கூப்பி, "வணக்கம் தேனீ அக்கா" என்று ஒரே குரலில் சொன்னார்கள். நான்கு மாதத்தில் அவர்கள் இவ்வளவு ஒழுங்காகச் சொன்னதில்லை. பத்திரிகைப் புகைப்படக்காரர் இருந்திருந்தால் அழகான படம் கிடைத்திருக்கும். அவர் அதற்குள் செம்பனைக் காட்டில் பாதி தூரம் போயிருந்தார். டத்தோவின் கார் கதவைச் சாத்தாமலே கிளம்பியது. தனேஸ்வரன் கோட்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஓடினார். செயற்குழு, கட்டடத்தில் கண்ணாடிச் சன்னல் உள்ள ஒரே அறையான கணினி அறைக்குள் கட்டுக்கோப்பாக நுழைந்து தாழ்ப்பாள் போட்டது.

பயிற்சியில் தேறாத ஒரே பிள்ளை ஷர்மினி. அவள் ஓடினாள். அம்பிகை கொடுத்த வாக்குமூலத்தின்படி அவள் "ஓடுங்க, கொட்டும்" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அதைக் கேட்டுத்தான் மற்றப் பிள்ளைகளுக்கும் பயம் திரும்ப வந்தது. நான்கு மாத உழைப்பு ஒரு நொடியில் வீணாகி, இருபத்திரண்டு பேரும் கழிப்பறைக்குள் ஓடினார்கள். அம்பிகை கடைசியாக நுழைந்து கதவைச் சாத்தினார். அவருக்குப் பதினான்கு கொட்டு. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று, இரண்டு. ஷர்மினிக்குக் கழுத்தில் ஒன்று, காதில் ஒன்று.

உருமி சத்தம் திடீரென்று நின்றதில் துளசிக்கு விழிப்பு வந்திருக்கிறது. நைட்டியோடு, ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். கழிப்பறைச் சன்னல் வழியாக அம்பிகை பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தார். உதடு தடித்துவிட்டது. துளசி துண்டால் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு நேரே எங்கள் கதவுக்கு வந்தாள். பள்ளி வாசலில் நின்ற ஒன்பது காரில் முன்னால் நின்றது தலைவருடையது. அது நகர்ந்தால்தான் மற்றது நகரும். சாவி அவர் சட்டைப்பையில். அவர் எங்களோடு உள்ளே.

தட்டினாள். சாவி கேட்டாள். என் பெயரைச் சொல்லிக் கேட்டாள். "யாரும் திறக்காதீர்கள், உள்ளே வந்துவிடும்" என்று தலைவர் மெதுவாகச் சொன்னார். எது உள்ளே வந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. ஏர்கோன் நன்றாக வேலை செய்தது.

பெரிய ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு வந்த அர்ச்சுனன் என்ற ஆள், தெருவில் பிள்ளையோடு ஓடிவருகிற பெண்ணைப் பார்த்து லோரியை நிறுத்தியிருக்கிறான். எந்த முகாமுக்கும் போகாதவன். அவன் முகத்திலும் இரண்டு கொட்டு. சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரிக்கு எட்டு நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். ஷர்மினி மூன்று நாள் இருந்து வீடு திரும்பினாள். அன்று மாலையே அம்பிகை யாரையும் கேட்காமல் போம்பாவுக்குப் போன் போட்டார். வந்தார்கள். இருபத்தைந்து நிமிடம். கூட்டைக் கீழே இறக்கியதும், ஏன் முன்னாலேயே கூப்பிடவில்லை என்று ஒரு மலாய்க்கார இளைஞர் கேட்டார். நாங்கள் அவருக்கு நிகழ்ச்சி நிரலில் ஒரு பிரதி கொடுத்தோம்.

மறு வாரம் மதிப்பாய்வுக் கூட்டம். அறிக்கையை நான்தான் வாசித்தேன். பிள்ளைகள் அஞ்சாமல் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பது திட்டத்தின் முதல் நோக்கம். விழா நாளில் இருபத்திரண்டு பேரும் யாரும் சொல்லாமலே போனார்கள். ஆகவே வெற்றி நூறு விழுக்காடு. தலைவர் தலையசைத்தார். மேசை தட்டி வரவேற்றோம். அனுமதியின்றிப் போம்பாவை அழைத்ததற்காக அம்பிகைக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பதென்றும், மற்றப் பிள்ளைகளுக்குப் பயத்தைப் பரப்பியதற்காக ஷர்மினியின் பெற்றோரிடம் விளக்கம் கேட்பதென்றும் முடிவாயிற்று. கடித வாசகத்தை நான் எழுதத் தொடங்கியபோது துளசி உள்ளே வந்தாள்.

தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாள். பள்ளியிலிருந்து பிள்ளையின் பெயரை எடுத்துவிடும் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்தாள். தலைவர், அம்மா உணர்ச்சிவசப்படக்கூடாது என்று ஆரம்பித்தார். அவள் உணர்ச்சிவசப்படவில்லை. அதுதான் எங்களுக்குச் சங்கடமாக இருந்தது.

"ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போயிர்றேன். அன்னிக்கு நான் கதவத் தட்டினப்ப, உள்ள எத்தன பேரு இருந்தீங்க?"

இது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார் தலைவர். தனேஸ்வரன் போனைப் பார்த்தார். மற்றவர்கள் மேசையைப் பார்த்தார்கள். துளசி என்னைப் பார்த்தாள். கணக்கு வைத்திருப்பவன் நான்தானே?

"ஒன்பது பேரு" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் பேனாவை எடுத்து, கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் குறிப்பில் எழுதினேன். பதிவு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கீழே இதையும் சேர்த்தேன்: எங்கள் சட்டவிதிப்படி ஏழு உறுப்பினர் ஒரே இடத்தில் இருந்தால் அது கூட்டம், அங்கே எடுப்பது முடிவு. அன்று கணினி அறையில் ஒன்பது பேர் இருந்தோம். கதவைத் திறப்பதில்லை என்று தலைவர் முன்மொழிந்தார். கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றவர் செயலாளர் தேவன். எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கப்படவில்லை.